உருளையைப் பிரித்துக் காட்டும் பெட்டி: கன உருவ மாதிரித் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

பத்தாம் வகுப்பு அளவியல் பாடம் நடத்துவதற்காக எங்கள் பள்ளிக்கு வாங்கப்பட்ட கன உருவ மாதிரித் தொகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. உட்புறம் தெரியும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கனச்சதுரம், கனச்செவ்வகம், பட்டகம், பிரமிடு, கூம்பு, உருளை, கோளம் ஆகியவை இதில் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குள் மடித்து வைக்கக்கூடிய வண்ண விரிப்புகளும், அதாவது உருவத்தின் பரப்பைப் பிரித்துத் தட்டையாக்கினால் கிடைக்கும் வடிவத் தாள்களும், உண்டு. இதே அளவில் இதே அமைப்பில் செய்த பெட்டிகள் இணையக் கடைகளிலும் கல்விப் பொருள் விற்பனையகங்களிலும் பல பெயர்களில் கிடைப்பதால், எந்தப் பெயரில் வாங்கினாலும் கீழே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும். எல்லா உருவங்களையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. இந்தப் பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதை உருளை ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம் என்பது என் கருத்து. தட்டையான முகங்களைக் கொண்ட உருவங்களின் பரப்பை மாணவர்கள் தாங்கள் ஏற்கெனவே அறிந்த செவ்வகங்களையும் முக்கோணங்களையும் கூட்டியே கண்டுவிடுகிறார்கள். வளைந்த ஒரு பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எப்படி அளப்பது என்ற கேள்வி முதன்முதலாக எழுவது உருளையிடம்தான்.

வளைபரப்பு என்பது இரண்டு × பை (π) × ஆரம் × உயரம் என்ற சூத்திரத்தைச் சொல்லத் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவரைக் காண்பது அரிது. ஆனால் அந்தச் சூத்திரத்தில் எந்தப் பகுதி நீளம், எந்தப் பகுதி அகலம் என்று கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று உறுப்புகளும் சேர்ந்து அடிப்பக்க வட்டத்தின் சுற்றளவு என்பதும், அந்தச் சுற்றளவை நீளமாகவும் உயரத்தை அகலமாகவும் கொண்ட ஒரு செவ்வகத்தின் பரப்பைத்தான் நாம் கணக்கிடுகிறோம் என்பதும் நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கே சில வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை. இது தெளிவாகாதபோது, ஒரு கணக்கில் ஆரத்துக்குப் பதில் சுற்றளவு நேரடியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அவர்கள் முதலில் ஆரத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதே சுற்றளவை மீண்டும் கணக்கிட்டு, அதன்பின் உயரத்தால் பெருக்குகிறார்கள். விடை சரியாகவே வரும். ஆனால் ஒரு பெருக்கலில் முடிய வேண்டிய கணக்கு அரைப்பக்கம் நீண்டுவிடும். இந்தத் தொகுப்பு தீர்த்து வைப்பது முதன்மையாக இந்தக் குறையை. அந்த அளவில் அது கொடுத்த காசுக்கு முழு மதிப்புள்ளது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

உருளையின் வெளி விட்டம் 8 செ.மீ., உயரம் 8 செ.மீ. அடிப்புறத்தில் கழற்றக்கூடிய ஒரு மூடி இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டு உள்ளே சுருண்டிருக்கும் நீல நிற விரிப்பை வெளியே இழுத்தால், அது கையை விட்டதுமே தன் மடிப்பிலிருந்து தளர்ந்து மேசைமேல் படுத்துவிடுகிறது. நடுவில் ஒரு நீண்ட செவ்வகம், அதன் மேல் விளிம்பில் ஒரு வட்டம், கீழ் விளிம்பில் ஒரு வட்டம். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் கிடைக்காத ஒன்று கையால் பிரிக்கும்போது கிடைக்கிறது. செவ்வகத்தை மீண்டும் சுருட்டும்போது அதன் நீண்ட விளிம்பு வட்டத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிவதை மாணவர் தம் விரலாலேயே தொடர முடிகிறது. நீளமும் சுற்றளவும் சமம் என்பதை அதன்பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து எப்போதும் பேசாதிருக்கும் ஒரு மாணவி விரிப்பைச் சுருட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ ஆரமே வேண்டாமே சார், நூலைச் சுத்தி அளந்தா போதுமே” என்று சொன்னது இந்தப் பெட்டிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கைத் தீர்மானித்துவிட்டது.

விரிப்பின் அமைப்பில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கணித முறைப்படி பார்த்தால் வட்டம் செவ்வகத்தின் விளிம்பை ஒரே ஒரு புள்ளியில்தான் தொட முடியும். அந்த விளிம்பு வட்டத்துக்குத் தொடுகோடாக அமைகிறது. ஒரு புள்ளியால் பிளாஸ்டிக் தாளைப் பிடித்து வைக்க முடியாது என்பதால், தயாரித்தவர்கள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு இணைப்பு நாக்கை விட்டிருக்கிறார்கள். இதனால் வட்டம் அந்த இடத்தில் சற்றுத் தட்டையாகத் தெரிகிறது. விரிப்பைத் தாளில் வைத்து ஓரம் வரையச் சொன்னால் மாணவர்கள் அந்த நாக்கையும் சேர்த்தே வரைகிறார்கள். பிழை என்று இதைச் சொல்ல மாட்டேன். வடிவியல் பாடத்தில் தொடுகோட்டை நடத்தி முடித்தபின் இந்த விரிப்பைக் காட்டி, உண்மையில் இந்த இணைப்பு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்று கேட்பது நல்ல கேள்வியாகவே அமைந்தது. தகரப் பட்டறையில் டின் செய்பவர்களும் மடிப்புக்கென்று தனியாக ஓரம் விட்டுத்தான் தகட்டை வெட்டுகிறார்கள். சூத்திரம் தருவது பொருளின் பரப்பை, கடையில் வாங்க வேண்டிய தகட்டின் பரப்பு அதைவிடக் கூடுதல் என்பதை விளக்க அந்த நாக்கு உதவியது.

அளவெடுப்பதில்தான் உண்மையான குறை தலைகாட்டுகிறது. வாங்குவோர் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். விரிப்பு உருளைக்கு உள்ளே இருக்கிறது. உருளையின் சுவருக்கோ ஏறத்தாழ 2 மி.மீ. தடிமன் உண்டு. பெட்டியின் மேல் 8 செ.மீ. என்று அச்சிட்டிருப்பது வெளி அளவு. மாணவர் ஒருவர் வெளி விட்டத்தை 8 என்று எடுத்துக்கொண்டு, விரிப்பின் நீளத்தை அளவுகோலால் அளந்தால் 23.8 செ.மீ. வருகிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2.975. பையின் மதிப்பு மூன்றுக்கும் கீழே போய்விட்டதைக் கண்டு வகுப்பே குழம்புகிறது. பரப்பிலும் இதே கதைதான். வெளி அளவுகளை வைத்துச் சூத்திரப்படி கணக்கிட்டால் வளைபரப்பு ஏறக்குறைய 201 சதுர செ.மீ.; விரிப்பின் செவ்வகத்தை 23.8-க்கு 7.6 என்று அளந்து பெருக்கினால் கிடைப்பது 181 சதுர செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டை அளவெடுப்பில் நேரும் சிறு பிசகு என்று தள்ளிவிட முடியாது. சூத்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் நோக்கத்தோடு இதை வாங்கும் ஆசிரியர், முன்கூட்டியே அறிந்திருக்காவிட்டால், சூத்திரமே தவறோ என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் விதைத்துவிடக்கூடும். இத்தகைய பெட்டியில் உள்ளளவையும் வெளியளவையும் தனித்தனியே அச்சிட்டுத் தருவது தயாரிப்பாளரின் கடமை. நாங்கள் வாங்கியதில் அது இல்லை.

ஆனால் இதே குறையை அடுத்த பாடத்துக்குப் படிக்கட்டாக்கிக்கொள்ள முடியும். உருளையின் பக்கத்தில் மேலிருந்து கீழாக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து மீண்டும் தொடும் இடம் வரை ஒரு வெள்ளைத்தாளில் உருட்டினால் 25.1 செ.மீ. வருகிறது. வெளிச் சுற்றளவு 25.1, உள்ளே இருந்த விரிப்பின் நீளம் 23.8. வேறுபாடு 1.3 செ.மீ. சுவரின் தடிமனை அளவுகோலால் நேரடியாக அளப்பது கடினம். ஆனால் இந்த 1.3-ஐ இரண்டு பையால், அதாவது 6.28-ஆல் வகுத்தால் 0.2 செ.மீ. என்று தடிமன் தானாகவே வந்துவிடுகிறது. உள்ளீடற்ற உருளைக்கு வெளி ஆரம், உள் ஆரம் என்று இரண்டு ஏன் தேவைப்படுகின்றன, அதன் வளைபரப்பில் இரு ஆரங்களையும் ஏன் கூட்டுகிறோம், மேலும் கீழும் உள்ள வளைய வடிவ விளிம்புகளை ஏன் தனியாகச் சேர்க்கிறோம் என்பதெல்லாம் இந்த ஒரு உருளையிலேயே நடத்தி முடிக்கலாம். தயாரித்தவர்கள் இதை எண்ணிப் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை; இருந்தும் பயன் கிடைக்கிறது.

பைக்கு 22/7 எடுப்பதா 3.14 எடுப்பதா என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். இந்த உருளைக்கு 22/7 எடுத்தால் சுற்றளவு 25.14, துல்லியமாகக் கணக்கிட்டால் 25.13. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது என்பதால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

மொத்தப் புறப்பரப்புக்கு வருவோம். பெட்டியோடு வரும் அச்சிட்ட அட்டையில் வளைபரப்போடு இரண்டு வட்டங்களின் பரப்பைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அது சரிதான். ஆனால் பாடநூலில் மாணவர்கள் காண்பது இரண்டு × பை × ஆரம் × (உயரம் + ஆரம்) என்ற சுருக்கிய வடிவம். உயரத்தோடு ஆரத்தைக் கூட்டுவது ஏன் என்பது அவர்களுக்கு இயற்கணிதத்தில் பொதுக்காரணி எடுத்த விளைவாக மட்டுமே தெரிகிறது. நீளத்தோடு வேறொரு திசையில் உள்ள நீளத்தைக் கூட்டுவதற்கு வடிவியலில் என்ன பொருள் என்ற கேள்வி எழுவதே இல்லை. இந்தத் தொகுப்பின் விரிப்பைக் கொண்டு அதற்கு ஓர் அழகான விளக்கம் தர முடியும். பெட்டியின் அட்டை அதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

விரிப்பின் இரண்டு வட்டங்களையும் தடித்த தாளில் வரைந்து வெட்டி, ஒவ்வொன்றையும் 16 சம கோணப் பகுதிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வட்டத்தின் துண்டுகளை ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியுமாக அடுக்கினால், ஓரங்கள் சற்று அலையலையாக உள்ள ஒரு செவ்வகம் உருவாகிறது. அதன் நீளம் வட்டத்தின் பாதிச் சுற்றளவு, உயரம் ஆரம். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும் என்ற விதி தமிழ்நாட்டுப் பழைய கணக்குச் சுவடிகளிலேயே இருப்பது. நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை. இனி இரண்டாவது வட்டத்தின் துண்டுகளையும் அதே வரிசையில் தொடர்ந்து அடுக்கினால் நீளம் முழுச் சுற்றளவாகிறது, உயரம் ஆரமாகவே நிற்கிறது. இந்தப் பட்டையை விரிப்பின் நீலச் செவ்வகத்தின் மேல் விளிம்போடு சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டின் நீளமும் ஒன்றே; கீழே இருப்பதன் அகலம் உயரம், மேலே இருப்பதன் அகலம் ஆரம். இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய செவ்வகம். சுற்றளவு அதன் நீளம், உயரமும் ஆரமும் கூடியது அதன் அகலம். மொத்தப் புறப்பரப்பின் சூத்திரம் மேசைமேல் கிடக்கிறது. வெளி அளவுகளைக் கொண்டு பார்த்தால் 25.13-க்கு 12 என்ற செவ்வகம், பரப்பு ஏறத்தாழ 301.6 சதுர செ.மீ. முன்பே 16 துண்டுகளாக வெட்டிய இரண்டு வட்டங்களைப் பெட்டியில் சேர்த்திருந்தால் செலவு சில ரூபாய்களே கூடியிருக்கும். இப்போது ஆசிரியர்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருக்கிறது.

விட்டமும் உயரமும் ஒரே அளவாக 8 செ.மீ. இருப்பது இந்த உருளையின் மிகப் பெரிய குறையும் மிகப் பெரிய சிறப்பும் ஆகும். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் மிக அதிகமாக நேரும் தவறு, விட்டத்தையும் ஆரத்தையும் உயரத்தையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுவது. இந்த உருளையில் மாணவர் உயரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டாலும் விடை மாறாது. அவர் புரிந்து எழுதினாரா, தடுமாறி எழுதினாரா என்பதை ஆசிரியரால் கண்டறிய முடியாது. உயரம் வேறாக உள்ள இன்னொரு உருளை ஒன்றாவது பெட்டியில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால் நான் ஒரு பால்பவுடர் டின்னையும், துணிக்கடையில் துணி சுற்றி வரும் நீண்ட அட்டைக் குழாயையும் கூடவே வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.

சிறப்பு என்னவென்றால், உயரமும் விட்டமும் சமமான மூடிய உருளைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரே கன அளவைக் கொள்ளக்கூடிய மூடிய உருளைகள் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த புறப்பரப்பைக் கொண்டது அதுவே. இந்த உருளையின் கன அளவு ஏறத்தாழ 402 கன செ.மீ. இதே கன அளவை 2 செ.மீ. ஆரத்தில் கொண்டுவர வேண்டுமானால் உயரம் 32 செ.மீ. ஆக வேண்டும், அப்போது மொத்தப் புறப்பரப்பு 427 சதுர செ.மீ. ஆரத்தை 8 ஆக்கினால் உயரம் 2 செ.மீ. போதும், ஆனால் புறப்பரப்பு 503-ஐத் தொட்டுவிடுகிறது. நம் கையில் உள்ள உருளைக்கு 302-க்கும் குறைவு. தகடு மிச்சமாக வேண்டும் என்று நினைக்கும் டின் தயாரிப்பாளருக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மேல்மூடி இல்லாத பாத்திரமாக இருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது உயரம் ஆரத்துக்குச் சமமாக இருக்கும்போதுதான் தகடு மிகக் குறைவாகச் செலவாகும். இதை மாணவர்களையே அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வது ஒரு வகுப்பு நேரத்துக்கு ஏற்ற வேலை.

இதைவிடப் பெரிய பயன் ஒன்றும் அந்தச் சம அளவில் ஒளிந்திருக்கிறது. தொகுப்பில் உள்ள கோளத்தின் விட்டமும் 8 செ.மீ. அதாவது கோளமும் உருளையும் ஒரே அகலமும் ஒரே உயரமும் உள்ளவை. இவ்வாறு ஒரு கோளத்தைச் சுற்றி அளவாகப் பொருந்தும் உருளைக்கும் அந்தக் கோளத்துக்கும் உள்ள உறவை நிறுவியவர் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரைச் சேர்ந்த ஆர்க்கிமிடீஸ். கோளத்தின் புறப்பரப்பு உருளையின் வளைபரப்புக்குச் சரிசமம். உருளையின் மொத்தப் புறப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. கன அளவிலும் அதே மூன்றில் இரண்டு பங்குதான். தம் கண்டுபிடிப்புகளில் இதை அவர் எவ்வளவு உயர்வாகக் கருதினார் என்பதற்கு, அவருடைய கல்லறையின்மேல் உருளையும் கோளமும் செதுக்கப்பட்டிருந்ததே சான்று. கி.மு. 75-இல் சிசிலியில் ரோமானிய அதிகாரியாக இருந்த சிசரோ, முட்புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை அந்தச் சின்னத்தைக் கொண்டே அடையாளம் கண்டார். இவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கிய இரண்டு உருவங்கள் ஒரே பெட்டியில் அடுத்தடுத்த குழிகளில் இருந்தும், அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வகுப்பில் இதை நூலைச் சுற்றிக் காட்டலாம். 2 மி.மீ. தடிமனுள்ள நூலை உருளையின் பக்கம் முழுவதும் இடைவெளி விடாமல் சுற்றினால் ஏறக்குறைய 10 மீட்டர் செலவாகும். அதே நூலை அவிழ்த்துக் கோளத்தின்மேல் சுற்றினால் அது கோளம் முழுவதையும் மூடிவிடும். சொல்வது எளிது, செய்வது அவ்வளவு எளிதன்று. வழுவழுப்பான பிளாஸ்டிக்கின்மேல் நூல் நிற்காமல் சரிகிறது, துருவப் பகுதியில் முதல் சில சுற்றுகளைப் பிடித்து வைப்பது பெரும்பாடு. கோளத்தின்மேல் இருபுறமும் ஒட்டும் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டுச் சுற்றினால் வேலை நடக்கும். ஒருவர் கோளத்தைச் சுழற்ற மற்றவர் நூலை விடுவது நல்லது.

கோளத்துக்கு மட்டும் பெட்டியில் விரிப்பு தரப்படவில்லை. இதைக் குறையாக எழுதியிருக்கும் சில வாங்குநர்களின் கருத்துகளைப் பார்த்தேன். அது குறையன்று. உருளையின் பக்கத்தை ஒரு கோட்டில் வெட்டினால் கிழியாமல், நீளாமல், சுருங்காமல் தட்டையாக விரியும். கோளத்தை எப்படி வெட்டினாலும் அவ்வாறு விரிக்க முடியாது என்பதை 1827-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் நிறுவிய தேற்றம் உறுதி செய்கிறது. உலக வரைபடங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் உருவைத் திரித்தே காட்டுவதற்கும் இதுவே காரணம். எனவே தயாரிப்பாளர் செய்திருப்பது சரி; காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தால் வாங்கியவர்கள் ஏமாந்ததாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

உருளையின் விரிப்பைச் செங்குத்தாக வெட்டியதுபோல் மட்டுமே தந்திருப்பதும் ஒரு வரம்புதான். நூற்பாலைகளில் நூல் சுற்றப் பயன்படும் அட்டைக் குழாய்களையும், துணிக்கடைக் குழாய்களையும் கூர்ந்து பார்த்தால் அவற்றின் ஒட்டு நேராக இல்லாமல் சாய்வாகச் சுற்றிச் செல்வது தெரியும். அத்தகைய குழாயை அந்தச் சாய்ந்த ஒட்டின் வழியே பிரித்தால் செவ்வகம் கிடைக்காது, இணைகரம் கிடைக்கும். இணைகரத்தின் அடிப்பக்கம் அதே சுற்றளவு; இணையான இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட தொலைவு அதே உயரம்; ஆகவே பரப்பும் அதே. ஏழாம் வகுப்பில் கற்ற இணைகரப் பரப்புக்கும் உருளையின் வளைபரப்புக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதைக் கண்டபோது மாணவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் பெட்டியின் எந்த உருவத்திலும் காணவில்லை. இதற்குச் செலவும் இல்லை. துணிக்கடையில் கேட்டால் குழாயைக் கொடுத்துவிடுவார்கள். குழாய் பல அடுக்குகளாக ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், மேலடுக்கை மட்டும் சற்று ஈரப்படுத்தி உரிக்க வேண்டும்.

பயன்பாட்டுக் கணக்குகளுக்கு இந்த மாதிரி எவ்வளவு உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூடி கழற்றக்கூடியதாக இருப்பது இங்கே நன்மை. இரு மூடிகளும் உள்ள டிரம்முக்கு வண்ணம் பூசுவது, மேலே திறந்த தொட்டிக்கு உட்பூச்சு பூசுவது, இரு பக்கமும் திறந்த குழாயின் வெளிப்புறத்தைத் துணியால் சுற்றுவது ஆகிய மூன்றுக்கும் எந்தெந்தப் பகுதிகளைக் கூட்ட வேண்டும் என்பதை மூடியை எடுத்தும் வைத்தும் காட்டிவிடலாம். நம் ஊர்க் கிணற்றை எடுத்துக்கொள்வோம். 10 அடி விட்டமும் 40 அடி ஆழமும் உள்ள கிணற்றின் உட்சுவருக்குப் பூச்சு வேலை செய்தால் பரப்பு 3.14 × 10 × 40, அதாவது 1,256 சதுர அடி. மொத்தப் புறப்பரப்பின் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர் 1,413 என்று எழுதுவார். மேலே வானமும் கீழே நீரும் இருக்கும் இடத்துக்கெல்லாம் கூலி கேட்டது போலாகிவிடும். விரிப்பிலிருந்து இரண்டு வட்டங்களையும் மடித்து மறைத்துக் காட்டியபின் இந்தத் தவறு வகுப்பில் வெகுவாகக் குறைந்தது. சாலை உருளைக் கணக்குக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. மாதிரியைத் தாளில் ஒருமுறை உருட்டினால் அது மிதித்துச் செல்லும் இடம் விரிப்பின் செவ்வகத்தைப் போன்றதே என்று தெரிந்துவிடுகிறது, 1.4 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள சாலை உருளை ஒரு சுற்றில் 8.8 சதுர மீட்டரைச் சமன்படுத்தும் என்பதை மாணவர்கள் மனக்கணக்காகவே சொன்னார்கள்.

கூம்பின் விரிப்பு வட்டக்கோணப் பகுதியாக விரிவதும் நன்றாகவே அமைந்திருக்கிறது; கனச்சதுரமும் பட்டகமும் பிரமிடும் கீழ் வகுப்புகளுக்குப் பயன்படும். கூம்பின் இடைக்கண்டம், அதாவது கூம்பின் மேல்பகுதியை அடிக்கு இணையாக வெட்டி நீக்கியபின் எஞ்சும் உருவம், தொகுப்பில் இல்லை. பத்தாம் வகுப்புக்கு அது தேவை என்பதால் அதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.

பொருளின் தரத்தைப் பற்றிச் சில செய்திகள். வெளிப் பிளாஸ்டிக் தெளிவாக இருக்கிறது. தண்ணீரோ மணலோ ஊற்றிக் கன அளவை ஒப்பிடவும் முடிகிறது. ஆனால் மூடிகள் தண்ணீரை முழுமையாகத் தாங்குவதில்லை, ஓரத்தில் கசிகிறது. கன அளவுக்கு அரிசியோ நுண்மணலோ போதும். விரிப்புகளின் மடிப்புக் கோடுகள் பலமுறை மடித்தபின் வெளுக்கத் தொடங்கியுள்ளன, இன்னும் கிழியவில்லை. உருளையின் விரிப்பில் ஒரு தொல்லை இருக்கிறது: செவ்வகத்தின் இரு முனைகளையும் பிடித்து வைக்க ஒட்டு எதுவும் இல்லாததால், வெளியே சுருட்டிக் காட்டும்போது அது உடனே விரிந்துவிடுகிறது. உள்பக்கமாக ஒரு சிறு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் போதும், தேவைப்படும்போது எடுத்துவிடலாம். மூடியைக் கழற்ற நகத்தால் நெம்ப வேண்டியிருப்பதால் அதன் விளிம்பில் கீறல்கள் விழுகின்றன. அவசரப்பட்டு நெம்பினால் மூடி உடையும் வாய்ப்பு உண்டு என்பதால், மாணவர்களிடம் கொடுக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குறிப்பட்டை ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. தமிழ்வழி வகுப்புக்கு வாங்கும் பள்ளிகள் வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு, ஆரம், உயரம் என்று பாடநூல் பயன்படுத்தும் சொற்களிலேயே ஓர் அட்டை எழுதி உருவங்களோடு வைத்துக்கொள்வது நல்லது. அந்த அட்டையிலேயே உள் விட்டம் 7.6, வெளி விட்டம் 8 என்பதையும் எழுதிவிட்டால், மேலே சொன்ன குழப்பம் அடுத்து வரும் ஆசிரியருக்கு நேராது.

விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குகிறது. முழுவகுப்புக்கும் ஒரே பெட்டி என்றால் பயன் பாதியாகிவிடும். ஆசிரியர் மேசையிலிருந்து தூக்கிக் காட்டப்படும் உருளைக்கும் கரும்பலகைப் படத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாணவர் தம் கையால் விரிப்பை எடுத்துப் பிரித்தால்தான் வாங்கியதன் நோக்கம் நிறைவேறும். எட்டுப் பேருக்கு ஒரு பெட்டி என்பது என் அனுபவத்தில் நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. அவ்வளவு பணம் ஒதுக்க இயலாத பள்ளிகள் ஒரு பெட்டியை வாங்கி, உருளையின் விரிப்பைத் தடித்த அட்டையில் வைத்து வரைந்து, குழுவுக்கு ஒன்றாக வெட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது செவ்வகத்தின் நீளத்தைப் பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து எடுக்காமல், வட்டத்தின் ஆரத்தை முதலில் முடிவு செய்து அதன் சுற்றளவை மாணவர்களையே கணக்கிட்டு வெட்டச் சொல்லுங்கள். கணக்கு சரியாக இருந்தால் அட்டை இடைவெளியின்றி வட்டத்தைச் சுற்றிப் பொருந்தும், தவறினால் ஓரத்தில் இடைவெளி விழும் அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். திருத்துவதற்கு ஆசிரியர் அருகில் செல்ல வேண்டிய தேவையே இருக்காது.